காதுக்குப் பின்னால் தேடிய கை

மத்தியான வெயில் சன்னல் கம்பிகளுக்கு நடுவே புகுந்து பாயின்மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. கீழே எங்கள் சாப்பாட்டுக் கடையில் கூட்டம் ஓய்ந்து, பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக் கழுவும் சத்தம். என் பக்கத்தில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். எனக்கு ஏழு வயது. அவளுக்கு மூன்று இருக்கும். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கண்ணை மூடியிருந்தாளே தவிர அவள் தூங்கவில்லை. அவளுடைய கை மெல்ல ஊர்ந்து வந்து என் கன்னத்தைத் தொட்டது. காது மடலைத் தாண்டிப் பின்னால் போனது. முடி தொடங்கும் இடத்தில் ஒரு விரல் நுனி முன்னும் பின்னும் போய் வந்தது. எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது. எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஆனாலும் அசையாமல் கிடந்தேன்.

அவள் தேடியது அங்கே இல்லை. எழுந்து, என்மேல் கவிழ்ந்து, மறு காதுக்குப் பின்னாலும் தடவிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

அம்மா மாடிப்படி அதிர ஓடிவந்தாள். “என்னடி பண்ணின பிள்ளைய?” என்று அவள் கேட்டது என்னைத்தான். அக்காவாகி ஒரு மணி நேரத்துக்குள் முதல் திட்டு வாங்கியாயிற்று. அவள்தான் என் காதை நோண்டினாள் என்றேன். அம்மா நம்பவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டதும் அதே கை அம்மாவின் காதுக்குப் பின்னால் போயிற்று. அப்புறம் நம்பினாள்.

அம்மாவிடமும் அது இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் அப்பா, கடைச் சமையல்காரர், பக்கத்து மளிகைக் கடை மரைக்காயர் என்று அவளைத் தூக்கிய எல்லாருடைய காதுகளும் சோதிக்கப்பட்டுவிட்டன. ஒருவரும் தேறவில்லை.

கண்ணாடி இருக்கிறதே

அவளுக்கு அம்மா செல்வி என்று பெயர் வைத்தாள். பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லிவிடலாம், அவள் சீனப் பிள்ளை. ஐம்பதுகளில் சிராங்கூன் சாலைப் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை. சீனக் குடும்பங்களில் வளர்க்க முடியாத, அல்லது வளர்க்கக் கூடாது என்று யாராவது சொல்லிவிட்ட பெண் குழந்தைகள் தமிழர் வீடுகளில் வளர்ந்தார்கள். பாவாடை கட்டி, பொட்டு வைத்து, குழாயடியில் எங்களைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுவார்கள். செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்குப் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே, தான் வளர்ப்புப் பிள்ளை என்று தெரிந்ததும் தங்கை மயங்கி விழுகிற காட்சி இந்த வாரத் தொடரில் வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அது அவளுக்கு எப்போதும் தெரியும். கண்ணாடி இருக்கிறதே. அவளுக்குத் தெரியாமல் நாங்கள் வைத்திருந்தது வேறொன்று.

கழனிக்காரர்

எங்கள் கடையின் பின்சந்துக்குத் தினமும் மூன்று மணிவாக்கில் ஒரு சீனர் வருவார். தோளில் ஒரு கழி, அதன் இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய்த் தகரம். வடித்த கஞ்சி, காய்கறித் தோல், இலையில் மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் நாங்கள் ஒரு பீப்பாயில் சேர்த்து வைப்போம். கழனி என்போம். அதை அவர் தகரத்தில் அள்ளிக்கொண்டு போய்ச் சாலை முனையில் நிற்கும் லாரியில் ஏற்றுவார். லாரி பொங்கோலுக்குப் போகும். அங்கே அவருக்குப் பன்றிகள் இருந்தன.

கழனிக்கு விலை கிடையாது. சீனப் பெருநாளுக்கு, அதாவது அவர்கள் புத்தாண்டுக்கு, ஒரு கூடை வாத்து முட்டை கொண்டுவந்து தருவார். தீபாவளிக்கு அம்மா முறுக்கு கொடுத்தனுப்புவாள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு சாப்பாட்டுக் கடைக்கும் இப்படி ஒரு கழனிக்காரர் உண்டு.

எங்களுடையவர் பெயர் ஆ ஹோக். அம்மா மரியாதையாக ‘தவுக்கே’ என்பாள், முதலாளி என்று அர்த்தம். இரண்டு தகரத்துக்கு முதலாளி என்று நான் கேலி செய்து தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்த ஆ ஹோக்தான் செல்வியைப் பெற்றவர்.

அவருடைய மனைவி கடைசிப் பிள்ளையைப் பெற்ற கையோடு இறந்துபோனாள். கொஞ்ச நாளில் பன்றிகள் நோயில் விழுந்தன. வீட்டுப் பெரியவர்கள் குறி பார்க்கிறவரிடம் போனார்கள். மூன்று வயதுப் பெண்ணின் பிறந்த நேரம் அந்த வீட்டோடு ஒத்துப்போகவில்லை, அவள் பிழைக்க வேண்டுமானால் வேற்றினத்தார் வீட்டில் வளரட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார். சீனர்களுக்கு ஆண்டுக்கு ஒரு விலங்கு, மொத்தம் பன்னிரண்டு. அவள் பிறந்தது ஆட்டு ஆண்டு. சுற்று முடிந்து மறுபடி ஆட்டு ஆண்டு வரும்வரை பெற்றவன் அவளை மகளென்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, தகப்பன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. மீறினால் அவள் உயிருக்குத்தான் கேடு.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நட்சத்திரம் சரியில்லை என்று எனக்கு வந்த நல்ல மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிய குடும்பம் எங்களுடையது. எனக்குச் சிரிக்க யோக்கியதை இல்லை.

அம்மாவுக்கு எனக்குப் பின் பிறந்த தம்பி ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அவள் அழுததைப் பின்சந்தில் நின்ற ஆ ஹோக் பார்த்திருக்கிறார். அப்பாவிடம் வந்து, கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பாசார் மலாயில், என் பிள்ளையை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். கொண்டுவந்து கொடுத்தது அவரேதான். பின்வாசலில் தோளிலிருந்து இறக்கி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

இனி வேறு ஆளை அனுப்புங்கள், உங்களுக்கும் கஷ்டம் இருக்காது என்று அப்பா சொல்லிப் பார்த்தார். ஆ ஹோக் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் மூன்று மணிக்குத் தகரச் சத்தம் கேட்டது. அவரேதான் வந்திருந்தார்.

விஷயம் தெரிந்தவர்கள் அப்பா, அம்மா, நான். என்னைச் சாமி படத்தின் முன்னால் நிறுத்திக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கினாள் அம்மா. ஏழு வயதுக்காரியிடம் இவ்வளவு பெரிய ரகசியத்தைக் கொடுப்பதற்கு அவளுக்கு எவ்வளவு தைரியம் என்று இப்போது தோன்றுகிறது. ஓட்டைவாய் என்று பெயர் வாங்கியிருந்தவள் நான்.

நான் பார்த்த சர்க்கஸ்

இங்கே கதையை நிறுத்திவிட்டு வேறெங்கோ போகப்போகிறேன். ஒரு விஷயத்தை நேராகச் சொல்லத் தெரியாதவள் என்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் எழுதுவதும் நின்றபாடில்லை, நான் திருந்தியபாடும் இல்லை.

என்னுடைய முதல் ஞாபகம் சர்க்கஸ். ஃபேரர் பார்க் திடலில் கூடாரம். நான் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய தலையில் தேங்காயெண்ணெய் வாசனை. கீழே ஒரு யானை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. அதன் காதில் வெள்ளைச் சுண்ணாம்பால் பூ வரைந்திருக்கிறார்கள்.

இதை நான் வருஷக்கணக்காக எல்லாரிடமும் சொல்லி வந்தேன். ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே அம்மா கேட்டாள், “அந்த சர்க்கஸ் வந்தப்ப நீ என் வயித்துக்குள்ள இருந்தே. எந்த ஓட்டை வழியாடி பாத்தே?”

அப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னது. அவர் பலமுறை சொல்லக் கேட்டுக் கேட்டு அவர் தோளில் நானே ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். உண்மை தெரிந்த பிறகாவது அந்த ஞாபகம் போக வேண்டாமா? போகவில்லை. இந்த வரியை எழுதும்போதுகூட அந்த எண்ணெய் வாசனை வருகிறது.

மரைக்காயர் கதை இன்னும் மோசம். நாகப்பட்டினத்திலிருந்து இரண்டு வயதில் கப்பலேறியதும் அதன் சிவப்புப் புகைபோக்கியும் தனக்கு அப்படியே நினைவிருப்பதாக வியாபாரத்துக்கு நடுவே சொல்லிக்கொண்டிருப்பார். ஊரிலிருந்து வந்த அவருடைய அண்ணன் கடைக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்துச் சிரித்தார். சிவப்புப் புகைபோக்கி கடைக் காலண்டரில் இருந்தது. நாங்கள் வந்த கப்பல் முழுக்கக் கறுப்பு என்றார் அண்ணன். மரைக்காயர் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலண்டரைக் கழற்றிவிட்டார். ஆனால் சிவப்புப் புகைபோக்கியை விடவில்லை.

நடக்காததை நாங்கள் இப்படிப் பத்திரமாக வைத்திருந்தோம். மூன்று வருஷம் நிஜமாக வாழ்ந்துவிட்டு வந்த செல்வியிடம் என்ன மிஞ்சியது?

பூனைக்கு மட்டும் சீனம்

வந்த புதிதில் அவள் பேசியதெல்லாம் சீனம்தான். எங்களுக்கு ஒன்றும் புரியாது. முதலில் ‘சோறு’ வந்தது. அப்புறம் ‘வேணாம்’. அப்புறம் ‘அக்கா’. அந்த வருஷத் தீபாவளிக்குள் எங்களோடு தமிழிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் கடையில் ஒரு சாம்பல் பூனை இருந்தது. அதனோடு மட்டும் சீனம். அடுப்படிச் சாக்கின்மேல் அது சுருண்டு கிடக்கும். இவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதற்கு நீளமாக ஏதோ சொல்லுவாள். பூனை கண்ணை மூடித் திறக்கும். வீட்டில் அவளுக்கு முன்பே இருந்தவர்களில் அது ஒன்றுதான் அவளைத் திருத்தவில்லை.

பொங்கலுக்குப் பின் ஒருநாள் பூனை மீன் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது. செல்வி இடுப்பில் கை வைத்து, அம்மாவின் அதே குரலில், “திருட்டு மூதேவி, வா, வச்சிக்கிறேன்” என்றாள். கடையே சிரித்தது. அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அன்றோடு அவளுடைய மொழி முடிந்துவிட்டது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு முழு மொழி. அதில் அவள் அழுதிருப்பாள், பசி சொல்லியிருப்பாள், அம்மா என்று கூப்பிட்டிருப்பாள். அது போன நேரத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

செல்வி இப்போது பொங்கோலில் பதினோராவது மாடியில் இருக்கிறாள். அதற்கு ஒரு காரணமும் இல்லை, அரசாங்க வீட்டுக் குலுக்கலில் வீடு அங்கே விழுந்தது. இந்தப் பகுதியை நேற்று அவளுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். “பூனை சாம்பல் இல்லக்கா, வெள்ளை” என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். “நீதான போன தடவ சொன்ன?” என்கிறாள். இருவரில் யாரை நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தகரச் சத்தம்

முதல் சில வாரங்கள் மூன்று மணி எங்கள் வீட்டில் பொல்லாத நேரம். சந்தில் தகரம் மோதும் சத்தம் கேட்டதும் செல்வி எங்கிருந்தாலும் படியை நோக்கி ஓடுவாள். அம்மா அவளை இழுத்து மடியில் இறுக்கி வைத்துக்கொள்வாள். கீழே ஆ ஹோக் கழனி அள்ளுவார். மேலே குழந்தை கதறும். அது அவருக்குக் கேட்காமல் இருக்காது. ஒருநாளும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அப்புறம் ஓட்டம் குறைந்தது. கதறல் முனகலாயிற்று. ஒருநாள் நானும் அவளும் புளியங்கொட்டை விளையாடிக்கொண்டிருந்தோம். தகரச் சத்தம் கேட்டது. நான் அவளைப் பார்த்தேன். அவள் கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதி. எனக்கோ பயம் வந்தது. அப்பாவையே மறக்க முடியுமென்றால் என்னை மறக்க எத்தனை நாளாகும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவளை அனாவசியமாகக் கொஞ்ச ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு அம்மா அவளைத் தாராளமாகப் பின்சந்தில் விளையாட விட்டாள். ஆ ஹோக் வந்தால் செல்வி அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிவாள். எந்த அன்னியரைப் பார்த்தாலும் அப்படித்தான் செய்வாள். காதுக்குப் பின்னால் தேடுகிற பழக்கமும் எப்போதோ நின்றிருந்தது.

மணல்வாரி

அவள் வந்து ஏறக்குறைய ஒரு வருஷம் இருக்கும். மணல்வாரி அம்மை போட்டது. டாக்டர் வந்து மருந்து கொடுத்தார், தூங்கினால் சரியாகிவிடும் என்றார். அவள் தூங்கவில்லை. கண் சொருகும், உடனே தூக்கிவாரிப்போட்டு விழித்துக்கொள்வாள். மூன்று நாள் அப்படி. உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

மூன்றாம் நாள் அந்தக் கை மறுபடி தேட ஆரம்பித்தது. என் காது, அம்மாவின் காது, தலையணை மூலை. கண் திறக்கவில்லை. கை மட்டும் அலைந்தது. அம்மா அந்தக் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தில் தகரம் மோதியது.

அம்மா அந்தக் கையை விட்டாள். பிறகு குழந்தையைத் துப்பட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

“தோலோங், தவுக்கே” என்றாள். உதவி செய்யுங்கள் என்று மலாயில் அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியாது. குழந்தையை நீட்டினாள்.

ஆ ஹோக் பின்னால் நகர்ந்தார். கழனி வழிந்த கைகளைக் காட்டினார். “தாக் போலே” என்றார். முடியாது. கை அழுக்கானதற்காகச் சொல்லவில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

“நீங்க கூப்பிட வேணாம். பேச வேணாம். சும்மா தூக்குங்க, போதும்” என்றாள் அம்மா, சுத்தமான தமிழில். அவருக்குப் புரிந்தது.

குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் ஒருமுறை கழுவினார். கவிழ்த்து வைத்த தொட்டியின்மேல் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

செல்வியின் கை எழுந்தது. தடவவில்லை, அலையவில்லை. நேராக அவருடைய இடது காதுக்குப் பின்னால் போய் நின்றது. நான் சுற்றிப் போய்ப் பார்த்தேன். அங்கே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு மரு இருந்தது. அவளுடைய ஆட்காட்டி விரல் அதன்மேல் படிந்திருந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். தூங்கிவிட்டாள்.

எத்தனையோ பார்த்தாயிற்று இந்த வாழ்க்கையில். அதைப் போல ஒன்றைப் பார்க்கவில்லை. முகம் மறந்துவிட்டது, மொழி மறந்துவிட்டது, பெயர் மறந்துவிட்டது. இவ்வளவும் போன பிறகு ஒரு விரல் மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறது. எட்டு வயதில் எனக்கு அதற்கு வார்த்தை தெரியவில்லை, உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் வார்த்தை தெரியாது.

ஆ ஹோக் கழுத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். சாலை முனையில் லாரி ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. பிறகு போய்விட்டது. அம்மா அவருக்கு எதிரே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் சுவரேறிய பிறகு செல்வி வியர்த்து விழித்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. தன் முகத்துக்கு மிக அருகில் இருந்த முகத்தைப் பார்த்தாள். யாரென்று தெரியவில்லை. உதடு பிதுங்கியது. திரும்பி, நிலைப்படியில் இருந்தவளைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள். “அம்மா” என்றாள்.

அவர் கொடுத்துவிட்டார். “டியா சுடா லுப்பா” என்றார். அவள் மறந்துவிட்டாள். பிறகு, கழியைத் தோளில் எடுத்து வைத்துக்கொண்டு, “பாகுஸ்” என்றார். நல்லது.

அம்மா உள்ளே போய் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஜெயித்தது அவள்தானே, எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

இன்னும் எத்தனை விலங்கு

அதன் பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் வாத்து முட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, இது என்ன ஆண்டு என்று ஆ ஹோக்கிடம் கேட்பாள். எலி என்பார். மாடு என்பார். புலி, முயல். அம்மா விரல்விட்டு எண்ணுவாள்.

செல்வி வளர்ந்தாள். பின்சந்தில் பீப்பாய் மூடியைத் திறந்து கொடுப்பது அவளுடைய வேலையாயிற்று. “தவுக்கே, சீக்கிரம் லா, எனக்கு ஹோம்வொர்க் இருக்கு” என்று எங்கள் ஊர் ‘லா’ சேர்த்து அவரை விரட்டுவாள். அவர் தலையாட்டுவார். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார். அவள் பல் விழுந்ததையும் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்ததையும் அவரிடம் அவளே சொல்லியிருக்கிறாள், சந்தில் வேறு யாரும் இல்லாததால்.

குதிரை ஆண்டு வந்தபோது அம்மா இளைத்துவிட்டாள். அடுத்தது ஆடு. ஒரு மத்தியானம் என் தலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள், “அவரு கூப்பிட்டு, இவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்து, எழுந்து போயிட்டான்னா நான் என்னடி பண்ணுவேன்?” எனக்குப் பதினைந்து வயது. போக மாட்டாள் என்று சொன்னேன். பின்சந்தில் நான் பார்த்த கை என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அதனால் சொன்னதில் எனக்கே நம்பிக்கை இல்லை.

ஆட்டு ஆண்டு

பெருநாளன்று காலையில் அம்மா செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பெண். கேட்டுவிட்டு என்மேல்தான் பாய்ந்தாள். தினமும் மூடியைத் திறந்துவிட்டேனே, சீக்கிரம் போ என்று விரட்டினேனே, உனக்காவது வாயைத் திறக்கத் தோன்றவில்லையா என்று கேட்டாள். கற்பூரச் சத்தியம் என்றேன். கற்பூரத்தைப் போட்டு உடை என்றாள்.

மூன்று மணிக்குத் தகரச் சத்தம் கேட்கவில்லை. ஆ ஹோக் முன்வாசல் வழியாக வந்தார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை, கையில் முட்டைக் கூடை. அப்பா அவரை விசிறிக்குக் கீழே உட்கார வைத்துக் காப்பி ஆற்றிக் கொடுத்தார். அம்மா அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. மேசை துடைக்கும் துணி அவள் கையில் இருந்தது.

செல்வி அவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வாயைத் திறந்து மூடினார். இத்தனை காலம் சொல்லாமல் அடக்கிய பெயர் சுலபமாக வரவில்லை. கடைசியில் மெதுவாக, “ஆ மோய்” என்றார்.

அவளுக்கு அது யாரோ ஒருத்தியின் பெயர்.

பிறகு மலாயில் கேள்விமேல் கேள்வி கேட்டாள். நான் எங்கே தூங்குவேன்? என்ன சாப்பிடுவேன்? எதற்குப் பயப்படுவேன்? அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தகரக் கூரையில் மழை விழுந்தால் அழுவாய். வாத்துக் குஞ்சைச் சட்டைக்குள் போட்டுக்கொள்வாய். எங்கே தூங்குவாய் என்றால், “சீனி” என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார். இங்கே.

செல்வி என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. “வேற யாரோ பிள்ளையோட கதை மாதிரி இருக்குக்கா. மூணு வருஷம் இருந்திருக்கேன் லா. ஒரு நாள்கூடவா ஞாபகம் இருக்காது?”

ஆ ஹோக் காப்பிக் கோப்பையைப் பார்த்தார். இதைக் கேட்கத்தான் அத்தனை விலங்குகள் கடந்து வந்தாரா என்று இருந்தது எனக்கு.

“அவரு காதுக்குப் பின்னால கைய வச்சுப் பாரு” என்றேன்.

அம்மா சடக்கென்று என்னைப் பார்த்தாள். நான் அன்று பார்த்ததை அவளும் பார்த்திருந்தாள், இத்தனை வருஷமும் வைத்திருந்தாள் என்று அந்தப் பார்வையில் தெரிந்துபோயிற்று. தடுப்பாள் என்று நினைத்தேன். தடுக்கவில்லை.

செல்வி எழுந்து போய்க் கூச்சத்தோடு கையை நீட்டினாள். ஆ ஹோக் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தார். விரல் போய் நின்றது. நாங்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஏதோ மரு இருக்கு” என்றாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு முயன்று பார்த்தாள். “இல்லக்கா. ஒண்ணும் ஞாபகம் வரல.”

சொல்லி வாயை மூடுவதற்குள் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

உடனே இன்னொன்று. கண்ணில் நீர் தளும்பியது, இமை கனத்தது. அந்தக் காய்ச்சல் நாளைத் தவிர, பகலில் ஒரு நாளாவது கண்ணயர்ந்தவள் இல்லை அவள். அவளை மத்தியானத்தில் படுக்க வைக்க முடியாமல் அம்மா தோற்றுப்போய்ப் பல வருஷமாகிறது. கையை எடுக்காமலேயே வெட்கத்தோடு சிரித்தாள்.

“ஏன்னு தெரியலக்கா. தூக்கம் தூக்கமா வருது.”

ஆ ஹோக் கழுத்தை அசைக்கவில்லை. பின்சந்தில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் கன்னத்தில் நீர் இறங்கியது, துடைக்கவும் இல்லை.

அம்மா துணியை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படி வாசலைத் தாண்டி வந்தாள். அவரைப் பார்த்தாள். செல்வியின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

“மேல போயிப் படுத்துத் தூங்கிட்டு வாடி” என்றாள். “அவரு இருப்பாரு.”